ஈடுசோறு

துரையின் இடது முழங்கை முறிந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கேட்காமல் இருக்குமா? ஆடுகளத்து மெத்தைக்கு அடியில் ஒலிவாங்கிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். எட்டாயிரம் பேர் ஒரே குரலில் "ஒண்ணு!" என்று கத்தினார்கள்.

வைகைக்கரை அணியின் மூன்று பேர் அவன் முதுகில் கிடந்தார்கள். தொங்கிய கையைத் திரும்பியும் பார்க்காமல் துரை இடுப்பை ஒரு வெட்டு வெட்டினான். மூன்று பேரும் மூன்று பக்கமாகச் சரிந்தார்கள். நான்காவது ஆள் காலைப் பிடிக்க வந்தான். அவன் மூக்கைக் குதிகாலால் சப்பையாக்கிவிட்டு, வலது கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டான் துரை. "ரெண்டு!" என்றது கூட்டம். மூக்கும் எண்ணிக்கையில் சேர்த்திதான்.

இருபது நிமிடம் கழித்து அதே இடது கையால் தலை சீவிக்கொண்டிருந்தான்.

எலும்பு முறிந்தால் ஆறு வாரம் படுத்துக் கிடக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் கபடிக்கு விதிகள் இருந்தன. ஒட்டூசி வந்த பிறகு அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கபடி, முறிகபடி ஆயிற்று. ஒட்டூசியில் இருப்பது புரதத்தின் சின்னஞ்சிறு துணுக்குகள். ஒவ்வொரு துணுக்கும் ஒரு கட்டளை: இங்கே கட்டு, இங்கே சேர், சீக்கிரம். சேர்க்கிற வேகத்தில் தடங்கல் வரக்கூடாது என்பதற்காக, தன் சதை எது, அந்நியச் சதை எது என்று பார்க்கிற உடம்பின் காவலையும் அது ஒரு நாளைக்குத் தூங்கவைத்துவிடும். அதனால் களமருத்துவரின் பெட்டியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும்: இருவர் காயங்கள் ஒன்றையொன்று தொடலாகாது.

கட்டளை போடுமே தவிர, கட்டுவதற்குக் கல்லும் மண்ணும் அது கொண்டு வராது. அதை உடம்புதான் கொடுக்க வேண்டும். முதல் வருடத்தில் இரண்டு பேர் வெறும் வயிற்றோடு தூங்கப் போய்க் காலையில் எழுந்திருக்கவில்லை. உடைந்த தொடையை ஒட்டுவதற்கு ஊசி அவர்கள் ஈரலை எடுத்திருந்தது. அதிலிருந்து ஈடுசோறு கட்டாயமானது. ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஒரு படிச் சோறு, ஆறு முட்டை, அரைக் கிலோ கறி. தட்டின் விளிம்பில் கட்டைவிரலை வைத்தால் தட்டு ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். தட்டு காலியானதும் ஒரு பெண் குரலில் பேர் சொல்லி, "உண்டாயிற்று. நன்றி" என்று சொல்லும். சொல்லாவிட்டால் அந்த ஆட்டக்காரன் அடுத்த ஆட்டத்தில் இல்லை.

இதில் சிக்கல் எங்கே வந்தது என்றால், எடையில்தான். ஏழு பேரையும் எடைமேடையில் சேர்த்து நிறுத்தினால் நானூற்று ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. ஆகவே ஆட்டக்காரர்கள் மறப்பூசி போட்டுக்கொண்டார்கள். அது ஒன்றும் புதுச் சரக்கல்ல. ஊரில் பாதிப் பேர் போட்டுக்கொள்வதுதான். வாரத்துக்கு ஒன்று போட்டால் வயிறு பசியை மறந்துவிடும். இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியில் சோறோடு இலையை மூடிவிட்டு எழுந்து போவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஒட்டூசி பாதுகாப்பானது என்று சான்று இருக்கிறது. மறப்பூசி பாதுகாப்பானது என்றும் சான்று இருக்கிறது. இரண்டையும் ஒரே உடம்பில் போடலாமா என்று கேட்டு யாரும் விண்ணப்பம் போடவில்லை, யாரும் சான்றும் கொடுக்கவில்லை.

தேரியூர் அணியின் சாப்பாட்டுக்கூடத்தில் துரை தட்டின் விளிம்பில் கட்டைவிரலை வைத்தான். "வணக்கம், ஐகோர்ட்துரை" என்றது தட்டு. வீட்டில் வைத்த குலசாமி பேரை முழுசாகச் சொல்லும் ஒரே ஜீவன் அந்தத் தட்டுதான்.

பக்கத்தில் ஜெபசிங் உட்கார்ந்திருந்தான். அணியின் வலது மூலைப் பிடியாள். எண்பத்திரண்டு கிலோ. தன் தட்டை முடித்துவிட்டு, யோசிக்காமல் துரையின் தட்டில் கையைப் போட்டான். சேக்காளிகள் ஒரே தட்டில் சாப்பிடுவதை அந்தப் பக்கத்தில் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அப்படித்தான் சாப்பிட்டார்கள். அப்போது சரிபாதி. இப்போது துரையின் கை தட்டில் இருக்கும், வாய்க்குப் போகாது.

"ரெண்டு வாயாவது அள்ளுலே" என்றான் ஜெபசிங்.

"முடியல மக்கா. மண்ண அள்ளி வாயில வச்ச மாதிரி இருக்கு. கொமட்டுது."

"அப்போ மறப்பூசிய நிறுத்து."

"நிறுத்தினா ரெண்டு வாரத்துல அறுவதத் தாண்டிருவேன். நீ வேற ஏறிக்கிட்டே போற. மேனேஜர் அண்ணாச்சி நேத்துக்கூட சொல்லிட்டாவ, ஜெபம் ஏறுதான், நீ எறங்குன்னு. டோஸக் கூட்டிப் போட்டிருக்கு."

ஜெபசிங் கடைசி முட்டையை விழுங்கினான். அவன் ஏறியதே துரையின் சோற்றால்தான். தட்டு வேறு பேசியது: "ஐகோர்ட்துரை, உண்டாயிற்று. நன்றி." நாலு மாதமாக, ஆட்டத்துக்கு ஆட்டம், அது இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அணியின் மருத்துவர் ஆவுடைச்செல்வி இரண்டு வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். கையிலிருந்த பலகையைக் காட்டிப் பெருமையாகப் பேசினாள். "ரெண்டு ஊசியும் சேத்துப் போட்டு, ஈடுசோறு ஒரு தடவகூட மிச்சம் வைக்காத ஒரே ஆளு இவருதான். இருபத்தாறு முறிவு, இருபத்தாறு தட்டு. எல்லா அணி டாக்டரும் இவரு பதிவத்தான் கேட்டு வாங்கிப் பாக்காங்க."

ஜெபசிங் எழுந்து பின்னாலேயே போனான். "டாக்டரம்மா, சும்மா கேக்கேன். ரெண்டையும் போட்டுட்டு ஒருத்தன் சாப்பிடாம இருந்தா என்ன ஆவும்?"

"அது எப்படி இருக்க முடியும்? அதான் தட்டு இருக்கே" என்று சிரித்தாள் அவள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் துரையை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து கபடியைத் தவிர வேறொன்றும் அறியாதவன். இறுதி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி, அது முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஜெபசிங் வாயை மூடிக்கொண்டான். மாடிப்படியில் துரை ஐந்தாவது படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கியதை அவன் அன்று மாலைதான் பார்த்தான். பார்த்தும் சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எடைமேடை நானூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. அணியின் மேலாளர் தவசிக்கனி எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு துரையிடம் வந்து நின்றார். "நீதான் இன்னும் எறங்கணும்."

"அவன விடுங்க அண்ணாச்சி" என்றான் ஜெபசிங். சட்டைக் கையை மடித்துத் தோளைக் காட்டினான். "எனக்குப் போடுங்க. மாசத்துக்குத் தாங்குமே, அந்தப் பெரிய ஊசி. அதையே போடுங்க."

அதுவரை அவன் மறப்பூசியைத் தொட்டதே இல்லை. இரண்டே நாளில் கோழிக்குழம்பு வாசனை பட்டதுமே குமட்டி எழுந்து ஓடினான். இவ்வளவு நாளாகத் துரை தட்டின் முன்னால் எப்படி உட்கார்ந்திருந்தான் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பத்தாம் நாள் எடைமேடை நானூற்று ஐம்பத்து நான்கரை காட்டியது. தவசிக்கனி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இறுதி ஆட்டம் பட்டப்பகலில் நடந்தது. எதிரே மேற்குமலை அணி. அவர்களுடைய ரைடர் மாசாணம், ஆளை ஒதுக்கிப் போகிறவன் அல்ல, உடைத்துக்கொண்டு போகிறவன். முதல் பாதியிலேயே தேரியூரில் இரண்டு விலாவும் ஒரு தாடையும் போயின. பதிலுக்கு துரை அவர்களில் ஒருவனின் முழங்காலைப் பின்பக்கமாக மடக்கிவிட்டு வந்தான். கூட்டம் பதினேழு வரை எண்ணியிருந்தது. மெத்தையில் ரத்தம் வழுக்கியதால் இடைவேளையில் மரத்தூள் கொட்டினார்கள்.

கடைசி ரைடு. தேரியூர் ஒரே புள்ளி முன்னால். மாசாணம் பாடிக்கொண்டு வந்தான். வலது மூலையில் ஜெபசிங்கும் துரையும் மணிக்கட்டோடு மணிக்கட்டு பிடித்துச் சங்கிலி போட்டு நின்றார்கள். சங்கிலி அறுந்தால் கோப்பை போச்சு.

நடுக்கோட்டுக்குத் திரும்ப விடாமல் அவர்கள் மறித்ததும் மாசாணம் ஓடிவந்து முழு உடம்பையும் அந்தப் பிடியின் நடுவில் போட்டான். ஒரு கடக், இன்னொரு கடக். ஜெபசிங்கின் முன்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. துரையின் எலும்பும் அதே மாதிரி வெளியே வந்து, ஜெபசிங்கின் உள்ளங்கைக்குள் குத்தி நின்றது. இரண்டு பேரும் அலறினார்கள். ஆனால் பிடியை விடவில்லை. அந்தப் பிடிக்குள் மாசாணத்தின் கழுத்து சிக்கியிருந்தது. அவன் விரல் நுனி நடுக்கோட்டின் மேலா, இந்தப் பக்கமா என்று தெரியவில்லை.

"உறை!" என்று விசிலடித்துக் கத்தினார் நடுவர். சந்தேகம் வந்தால் அப்படி ஒரு விதி. மேலே தொங்கும் அளவுக்கண் கணக்கிட்டு முடிக்கும்வரை யாரும் அசையக்கூடாது. பிடி விலகினால் புள்ளி எதிரிக்கு.

களமருத்துவர் ஓடிவந்தார். "கைய எடுங்கப்பா, தனித்தனியாக் கட்டணும்."

"எடுக்காதலே!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார் தவசிக்கனி.

"எடுக்க மாட்டேன், அப்படியே போடுங்க" என்றான் ஜெபசிங். துரையும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். களமருத்துவர் பெட்டியின் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். எட்டாயிரம் பேரைப் பார்த்தார். இரண்டு தோள்களிலும் ஒட்டூசியை இறக்கினார்.

அளவுக்கண் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டது. விரல் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். தேரியூர் வென்றது. கூட்டம் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. மாசாணம் கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போனான். ஜெபசிங் துரையின் கையை விட முயன்றான், விட முடியவில்லை. இழுத்தான். துரை வலியில் கத்தினான். இரண்டு மணிக்கட்டும் இருந்த இடத்தில் ஒரே தோல் இருந்தது. ஒட்டுமாங்கன்றில் கட்டு கட்டிய இடம் புடைத்திருக்குமே, அப்படிப் புடைத்திருந்தது.

மருத்துவ அறையில் ஆவுடைச்செல்வி உடல்வரைவியை இருவர் மேலும் ஓட்டினாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது. துரையின் இதயச் சுவர் அப்பளம் மாதிரி மெலிந்திருந்தது.

"இருபத்தாறு தட்டு சாப்பிட்டவனுக்கு எப்படி இப்படி ஆகும்?" என்றாள்.

"அவன் சாப்பிடல" என்றான் ஜெபசிங். "நான் சாப்பிட்டேன். எல்லாத் தட்டும் நான்தான் சாப்பிட்டேன்."

அவள் திரையிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள். பிறகு ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையாலேயே திரையைச் சுட்டிக்காட்டினாள். "நல்லாப் பாரு. இவன் உடம்புல இனி எடுக்க ஒண்ணும் இல்ல. அதனால ஊசி உன்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டு இருக்கு. உன் சதையக் கரைச்சு இவன் இதயத்தக் கட்டுது. நீ தின்ன சோறெல்லாம் இப்பத்தான் அவனுக்குப் போகுது."

"போகட்டும்."

"போனா நீ சாவ. மணிக்கு ரெண்டு கிலோ இறங்குது. இன்னும் இருபது மணி நேரம் இது ஓடும். வெட்டிவிட்டா இவன் அரை நாழி தாங்க மாட்டான். ரெண்டு பேரும் பிழைக்க ஒரே வழி, நீ சாப்பிடணும். ரெண்டு பேருக்கும் சேத்து, நிறுத்தாம சாப்பிடணும். நரம்பு வழியா சொட்டுச் சொட்டா ஏத்துறது இந்த வேகத்துக்குக் காணாது."

சோறு வந்தது. அண்டாவோடு வந்தது. ஜெபசிங் இடது கையால் அள்ளி வாயில் திணித்தான். தொண்டை மூடிக்கொண்டது. விழுங்கினான். வயிறு அப்படியே திருப்பி அனுப்பியது. மறுபடி திணித்தான். தவசிக்கனி அவன் தாடையைப் பிளந்து பிடித்துக்கொண்டு கரண்டியால் தள்ளினார். அவர் விரலை அவன் கடித்துவிட்டான், ரத்தம் வந்தது, அவர் எடுக்கவில்லை. சோறும் ரத்தமும் வெளியே வந்தன. பத்து நாளைக்கு முன்னால் தானே கேட்டு வாங்கிக்கொண்ட ஊசி அவன் வயிற்றைப் பூட்டி வைத்திருந்தது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. இன்னும் இருபது நாளைக்கு அது பூட்டித்தான் இருக்கும்.

இரண்டு மணி நேரத்தில் ஜெபசிங்கின் கன்னம் ஒட்டிப்போனது. துரையின் முகத்தில் மாதக்கணக்கில் இல்லாத நிறம் வந்தது. அவன் கண்ணைத் திறந்து, பக்கத்துப் படுக்கையில் அழுதுகொண்டே சோற்றை வாயில் அடைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தான்.

"என்னலே செய்த?"

"பேசாம கெட. சாப்பிடுதேன்ல."

துரை டாக்டரைப் பார்த்தான். அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். அதிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மக்கா" என்றான். "என்னய எவனாவது பிடிச்சு நிப்பாட்டியிருக்கானா?"

ஜெபசிங் அதைப் புரிந்துகொள்வதற்குள் துரை வலது காலைத் தூக்கி அவன் நெஞ்சில் ஊன்றிவிட்டான். "வேண்டாம்லே! துரை, வேண்டாம்லே!" என்று ஜெபசிங் கத்தினான். துரை மெதுவாகப் பாட ஆரம்பித்தான். கபடி கபடி கபடி. ஆறு வருடம் யாராலும் நிறுத்த முடியாத அந்த வெட்டை இடுப்பில் வெட்டினான். தோல் கிழிந்தது. எலும்பு முறிந்தது. அந்த அறையில் ஒலிவாங்கி இல்லை, எண்ணுவதற்கும் ஆள் இல்லை. தவசிக்கனி சுவரோரம் சாய்ந்து வாந்தி எடுத்தார்.

துரை படுக்கையிலிருந்து தரையில் விழுந்தான். ரத்தம் பீறிட்ட கையோடு ஊர்ந்தான். பாட்டு நிற்கவில்லை. நாலடி தூரத்தில் தரைக்கற்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அதை நோக்கிக் கையை நீட்டினான். கபடி கபடி கப. அங்கே நின்றது.

ஜெபசிங் பிழைத்தான். அவன் உடம்பில் ஓடிக்கொண்டிருந்த ஒட்டூசி கிழிந்த கையை ஒழுங்காக மூடியது. மூடும்போது அங்கே மிச்சமிருந்ததையும் சேர்த்து மூடிவிட்டது. அவன் வலது உள்ளங்கையில், சொந்தக் கட்டைவிரலுக்கு எதிரே, துரையின் கட்டைவிரல் இருந்தது. அதில் ரத்தம் ஓடியது, நகம் வளர்ந்தது. வெட்டிவிடலாம் என்றார்கள். அவன் சம்மதிக்கவில்லை.

நாலு மாதம் கழித்து, இரண்டு ஊசியையும் சேர்த்துப் போடச் சான்று கேட்டு வந்த விண்ணப்பத்தை விசாரித்த ஊசிப் பாதுகாப்பு மன்றத்தின் முன்னால் அந்தக் கையை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். ஆவுடைச்செல்வியும் அவனுக்காகச் சாட்சி சொன்னாள். தலைவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"உங்க வருத்தம் புரியுது தம்பி. நண்பர் இறந்தது காயங்களைச் சேர்த்து வைத்ததால். களவிதியை மீறியிருக்கிறீர்கள். ஊசிகளின்மேல் பழி போட முடியாது. அவர் இருபத்தாறு முறையும் முழுசாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று பதிவு சொல்கிறது."

"அய்யா, சாப்பிட்டது நான்."

"இறந்த பிறகு நீங்கள் அப்படிச் சொல்கிறீர்கள். தட்டு அப்போதே சொல்லியிருக்கிறது." தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இரண்டு ஊசியையும் சேர்த்துப் போட்டு இவ்வளவு நாள் கவனித்த பதிவு நாட்டிலேயே இது ஒன்றுதான். இதைத் தள்ளிவிட்டால் எங்களிடம் வேறெதுவும் இல்லை."

அந்த வாரமே சான்று வந்துவிட்டது. ஈடுசோறு உண்ணும் பட்சத்தில் ஒட்டூசியும் மறப்பூசியும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த மாதம் இரண்டையும் ஒரே குப்பியில் அடைத்து விற்றார்கள். மூட்டுவலிக்காரர்களும் வாங்கினார்கள், கல்யாணத்துக்கு இளைக்க வேண்டியவர்களும் வாங்கினார்கள்.

புது ஆட்டப்பருவத்தின் முதல் நாள் ஜெபசிங் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனான். யாரும் தடுக்கவில்லை, அவன் படம் வாசலிலேயே தொங்கியது. பல அணிகளிலிருந்தும் வந்த நாற்பது ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆவி பறக்கும் நாற்பது தட்டுகள். அவன் நடந்துகொண்டே பார்த்தான். நான்கில் ஒரு தட்டில் இரண்டு கைகள் இருந்தன. ஒரு கை சும்மா இருந்தது, மற்றது அவசரமாக அள்ளியது. அள்ளுகிறவர்களின் முகத்தில் இருந்த பாசத்தை அவனால் தாங்க முடியவில்லை.

"எழுந்திரிங்கலே!" என்று கத்தினான். முதல் மேசையைத் தூக்கிக் கவிழ்த்தான். சோறும் கறியும் தரையெல்லாம் சிதறின. தடுக்க வந்தவனின் தாடையில் முழங்கையால் குத்தினான். இரண்டாவது மேசை, மூன்றாவது மேசை. நாலு பேர் அவனைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். துரையிடம் கற்ற வெட்டை வெட்டி உதறினான். "அவன் சாப்பிடலலே! ஒரு வாய்கூடச் சாப்பிடல! நீங்க ஊட்டல, கொல்லுதீங்க!"

தரையில் காலியாகக் கிடந்த தட்டுகள் ஒவ்வொன்றாகப் பேசின. உண்டாயிற்று. நன்றி. உண்டாயிற்று. நன்றி. வெறிபிடித்தவனாய் அவன், பரிமாறும் மேடையிலிருந்து குவியலாகச் சோறு வைத்திருந்த ஒரு தட்டை வலது கையால் பற்றி எடுத்தான். "வணக்கம், ஐகோர்ட்துரை" என்றது அது. அந்தப் பேரைப் பட்டியலிலிருந்து யாரும் நீக்கவில்லை. ஆதாரப் பதிவு அல்லவா.

தன் உள்ளங்கையிலிருந்த துரையின் கட்டைவிரல் விளிம்பில் பட்டிருப்பதை ஜெபசிங் பார்த்தான். பிறகு தட்டைச் சுவரில் ஓங்கி அடித்தான். சோறு சுவரில் ஒட்டி வழிந்தது. நெளிந்த தட்டு அவன் காலடியில் சுழன்று நின்றது.

"ஐகோர்ட்துரை, உண்டாயிற்று" என்றது. "நன்றி."